கழுவும் தொட்டிக்கு மேலே இரண்டு கடிகாரங்கள்

போன மாதம், நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. அத்தனை காலமும் அந்தச் சாவி என் பழைய குளிர்ச் சட்டையின் உள்பையில் கிடந்திருக்கிறது. அதைத் தேடி எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பார்களோ என்று டிராமில் வழியெல்லாம் கவலைப்பட்டேன். ஒருவரும் தேடவில்லை. பூட்டையே மாற்றிவிட்டார்கள்.

மூன்று புதிய முகங்கள் இருந்தன. இருவர் தமிழர்கள். ஒருத்தி இங்கேயே பிறந்தவள், பெற்றோர் மன்னார். மற்றவர் சேலத்திலிருந்து படிக்க வந்து வேலைக்குச் சேர்ந்தவர். கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் இரண்டு பெரிய சமையலறைக் கடிகாரங்கள் அருகருகே தொங்குவது ஏன் என்று மன்னார்ப் பிள்ளை கேட்டாள். ஒன்று ஊர் நேரம், ஒன்று இங்கத்தைய நேரமாக இருக்கும் என்று சேலத்தவர் பகிடி விட்டார். இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டின. அங்கே நின்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை.

அப்போது நான் சொல்லவில்லை. டிராம் வர ஆறு நிமிடம்தான் இருந்தது. இது ஆறு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை. ஆகவே எழுதுகிறேன். மூன்றாவது ஆளுக்கு, தமிழ் தெரிந்த நீங்கள் இருவரும் ஜெர்மனில் சொல்லிக் கொடுங்கள்.

அங்கே என்ன ஆய்வு நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை முதலில் வாசிக்கப்போவது என் மனைவி. அவளுக்காக ஒரு பத்தி. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு ஒற்றை வரிசைக் கலங்களால் ஆன சுவர். கலம் என்று நான் யாழ்ப்பாணத்தில் படித்தேன், சேலத்தில் அது செல். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் சிறுநீர். உடலுக்கு வேண்டாத சேதன அமிலங்களை, கரிம அமிலம் என்றாலும் அதுதான், கலம் இரத்தப் பக்க வாசலால் உள்ளே இழுக்கிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாகத் தனக்குள் சேர்த்துவைக்கிறது. பிறகு மறுபக்க வாசலால் சிறுநீருக்குள் தள்ளிவிடுகிறது. பென்சிலின் கொடுத்தால் அது சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போவது இந்த வழியாகத்தான். ஆனால் சில மருந்துகள் முன்வாசலால் வேகமாக வந்து பின்வாசலால் மெதுவாகப் போகும். அவை உள்ளே குவிந்து கலத்தைக் கொன்றுவிடும். ஒரு நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தை முடித்துவிடும்.

நான் சொல்லும் காலத்தில் எங்கள் குழுவிடம் ஒரு புதிய சேர்மம் இருந்தது. முன்வாசலை அது சிறிது நேரம் அடைத்துவைக்கும் என்று எதிர்பார்த்தோம். அப்படியானால் அதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் கடுமையான மருந்தைப் பயமில்லாமல் கொடுக்கலாம். ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு எங்கள் முடிவுக்காகக் காத்திருந்தது.

பொன்செல்வி அதைத் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்துகொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி. மழையிலும் சைக்கிளில்தான் வருவாள். தலைக்கவசம் போடச் சொல்லி நான் கேட்டது பதினேழு தடவை, அவள் போட்டது இரண்டு தடவை. எதற்கெடுத்தாலும் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்பேன் என்று எனக்கு ‘ஓம் அங்கிள்’ எனப் பெயர் வைத்திருந்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிய இருந்தது. ஒப்பந்தம் முடிந்தால் வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். ஆய்வேட்டின் பெரிய அத்தியாயம் அந்தச் சேர்மம். அது நிலைத்தால்தான் அவளும் நிலைப்பாள்.

நானும் கிறிஸ்டாவும் ஆய்வுகூட உதவியாளர்கள். கிறிஸ்டா இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட மூன்று வயது இளையவள். நான் இங்கே அகதியாக வந்து, ஏழு வருடம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவி, முப்பத்து நான்காவது வயதில் என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்தவன். ஆகவே கழுவுவது எனக்குப் பழகிய வேலை. அதில்தான் பிழை வந்தது.

எங்கள் கலங்கள் வளர்வது சிறு கிண்ணங்களில். கிண்ணத்தின் அடியில் மெல்லிய சல்லடைத் தாள். ஒரு தட்டில் பன்னிரண்டு கிண்ணம். மஞ்சள் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தைக் கீழிருந்து, அதாவது இரத்தப் பக்கத்திலிருந்து, கொடுப்போம். அந்தச் சாயமும் ஒரு சேதன அமிலம், கலம் அதை அதே வாசலால் உள்ளே எடுக்கும். நேரம் முடிந்ததும் கிண்ணத்தைப் பனிக்குளிர் உப்புக் கரைசலில் மூன்று முறை முக்கி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பிடிக்க வேண்டும். வெளியிலும் சல்லடைத் தாளிலும் ஒட்டியிருக்கும் சாயம் போய்விடும், கலத்துக்குள் சேர்ந்தது மட்டும் மிஞ்சும். அது எவ்வளவு ஒளிர்கிறது என்று இயந்திரம் சொல்லும்.

பத்து விநாடியை யார் அளப்பது? மேசையில் இருந்த ஒரே மணிக்கூடு, அடுத்த கிண்ணத்தை எப்போது எடுப்பது என்று மணியடிப்பதற்கு. இரண்டு கையிலும் இடுக்கி, இரண்டு இடுக்கியிலும் கிண்ணம். ஆகவே வாயால் எண்ணுவோம். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். எண்ணுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கட்டடத்தில் எண்பத்து நான்கு படிகள், பதினோரு தீயணைப்புக் கருவிகள், அதில் ஒன்று காலாவதியானது என்று நிர்வாகத்துக்கு நான் எழுதியது நான்கு கடிதம்.

வழக்கமாக ஓர் ஆய்வை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே ஆள்தான் கழுவுவார். அந்த வருடம் அப்படி நடக்கவில்லை. புதிய சேர்மம் என்பதால் அந்த வருடத்துப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்க் கையெழுத்திட்டவர்கள் மட்டுமே அதைத் தொடலாம். வகுப்பு நாளில் எனக்குக் காய்ச்சல். அடுத்த டெர்மின், அதாவது வகுப்புத் தேதி, ஐந்து மாதம் கழித்து. அதுவரை சேர்மம் சேர்த்த தட்டுகளைக் கிறிஸ்டா கழுவினாள், சேர்மம் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டுகளை நான் கழுவினேன். ஆளுக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டு.

முடிவு அழகாக வந்தது. சேர்மம் சேர்த்த கலங்களில் சாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சேர்ந்தது. சேர்மத்தின் அளவை இரட்டித்துப் பார்த்தோம். அப்போதும் அதே ஐந்தில் ஒன்று, கூடவில்லை. ஏன் கூடவில்லை என்று பேராசிரியர் ஒரு கூட்டத்தில் கேட்டார். வாசல்களில் ஒரு வகையை மட்டும் அது அடைக்கிறது போலும் என்று ஒரு விளக்கம் சொன்னோம். விளக்கம் நன்றாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். ஒரு கேள்விக்குப் பதில் உடனே வந்துவிட்டால் அந்தப் பதிலை அன்றே ஒருமுறை சந்தேகப்படுங்கள். எங்களுக்கு அது அன்று தோன்றவில்லை.

ஒக்டோபரில் நான் வகுப்புக்குப் போய்க் கையெழுத்திட்டேன். அடுத்த திங்கட்கிழமை கிறிஸ்டாவுக்கு முதுகுப் பிடிப்பு, இரண்டு நாள் விடுப்பு. இரு வகைத் தட்டுகளையும் நானே கழுவினேன். வித்தியாசம் வரவில்லை. சேர்மம் கெட்டுவிட்டது என்று பொன்செல்வி பயந்து புதிய குப்பியைத் திறந்தாள். செவ்வாயும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து சிறுநீரக மருத்துவர்கள் வருகிறார்கள். முடிவுகளை முந்தைய வாரமே அவள் அவர்களுக்கு அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சாப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து புளிச்சாதத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

புதன் காலை கிறிஸ்டா வந்தாள். அவள் தன் தட்டுகளையும் நான் என் தட்டுகளையும் கழுவினோம். ஐந்தில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. பொன்செல்வி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“கிறிஸ்டா கை ராசியான கை, அங்கிள். உங்க கை சரியில்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் ஆய்வுகூடத்தில் ராசி என்று ஒன்று இருக்கக் கூடாது. அது இருக்கிறது என்றால், நாங்கள் அளப்பது கலத்தை அல்ல, கிறிஸ்டாவை, அல்லது என்னை.

மதியத்துக்குப் பிறகு கிறிஸ்டா அடுத்த தட்டைத் தொடங்கியபோது நான் எதிரே நின்று பார்த்தேன். கரைசல் ஒன்றுதான். பனிக்கட்டி ஒன்றுதான். முக்கும் ஆழம் ஒன்றுதான். பிறகு அவள் எண்ணுவதைக் கேட்டேன். ஐனுன்ட்ஸ்வான்ஸிக், ஸ்வையுன்ட்ஸ்வான்ஸிக். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போய் முப்பதில் நிறுத்துவாள். அவள் இருபத்தொன்றிலிருந்து தொடங்குவதைப் பல வருடங்களாகக் கேட்டிருக்கிறேன். முதல் இருபதை மனதுக்குள் எதற்கோ எண்ணிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அடுத்தவள் ஏன் அப்படி எண்ணுகிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அவளோடு சேர்ந்து நானும் மனதுக்குள் என் எண்ணிக்கையைத் தொடங்கினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று நான் பத்துக்கு வந்தபோது அவள் இருபத்தாறில் இருந்தாள்.

தட்டு முடியும்வரை பொறுத்திருந்து காரணம் கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். அந்தச் சொற்கள் நீளமானவை, ஒன்றைச் சொல்லி முடிக்க ஒரு விநாடி எடுக்கும், மின்னலுக்கும் இடிக்கும் இடையில் இங்கே குழந்தைகள்கூட அப்படித்தான் எண்ணும் என்றாள். நான் எப்படி எண்ணுகிறேன் என்று திருப்பிக் கேட்டாள். எண்ணிக் காட்டினேன். அவள் பிறகு கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆளுக்கு ஆள் கை மாறத்தான் செய்யும், வெள்ளிக்கிழமை இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது இதைக் கிளற வேண்டுமா என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பொன்செல்வி மீது அவளுக்கு அவ்வளவு பிரியம்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். காரும் அவள்தான் ஓட்டுவாள். எனக்கு ஓட்டுநர் உரிமம் எடுக்கத் தைரியம் வந்ததில்லை.

“இருபத்தொண்டு, இருபத்திரண்டு எண்டு எண்ணுறதோ? ஓம், காரோட்டப் பழக்கேக்கை எங்களுக்குச் சொல்லித் தந்தவை. முன்னால போற காருக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம் எண்டு பாக்க. உங்களுக்குத் தெரியாதே?”

தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். என் வீட்டுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது.

பேராசிரியருக்கு அன்றிரவே மின்னஞ்சல் எழுதிவிடுகிறேன் என்று எழுந்தேன். இப்படியான நேரங்களில் எனக்குப் பதற்றம்தான் முந்தும். மனதிலிருப்பதை எங்காவது கொட்டிவிட வேண்டும். மனைவி என்னை மறுபடியும் உட்கார வைத்தாள்.

“சொல்லத்தான் வேணும். ஆனா முதல் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. அது மேல இருந்து கேள்விப்படக்கூடாது.”

இதை நீங்கள் இருவரும் நினைவில் வைத்திருங்கள். பிழையைச் சொல்வது பாதி வேலை. யாரிடம் முதலில் சொல்வது என்பது மீதிப் பாதி. அந்தப் பாதியை எனக்குச் செய்து தந்தவள் ஆய்வுகூடத்தையே பார்த்திராத ஒருத்தி.

வியாழன் காலை ஏழு இருபதுக்குச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். குளிர். பன்னிரண்டாவதாக வந்த சைக்கிள் அவளுடையது. தலைக்கவசம் இல்லை.

“பிள்ளை, ஒரு விசயம் சொல்லவேணும்.”

“ஹெல்மெட் தானே அங்கிள்?”

“இல்லை. என்ர பத்து விநாடி பத்து இல்லை. ஆறு.”

அவளுக்கு விளங்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன். நான் அவசரமாக எண்ணியதால் என் தட்டுகளில் சாயம் முழுதும் கழுவுப்படவில்லை. மிஞ்சிய சாயத்தால் ஒப்பீட்டுத் தட்டுகள் கூடுதலாக ஒளிர்ந்தன. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிறிஸ்டாவின் தட்டுகள் குறைவாகத் தெரிந்தன. சேர்மம் ஒன்றையும் அடைத்திருக்காது. நாளைக்குப் ப்ரெசென்டேஷன், ஜோக் பண்ணாதீங்க என்றாள். பிறகு கைபேசியை எடுத்து விநாடி ஓடவிட்டு, எண்ணச் சொன்னாள். ஆறு. மறுபடி எண்ணச் சொன்னாள். ஆறுக்கும் கொஞ்சம் குறைவு. சைக்கிளைப் பூட்டினாள். பூட்டைத் திறந்தாள். மறுபடி பூட்டினாள்.

“ஃப்ரைடே முடியட்டும் அங்கிள். மண்டே ரெண்டு பேரும் செக் பண்ணலாம். இப்ப எனக்கும் உங்களுக்கும் மட்டும்தானே தெரியும்.”

“கிறிஸ்டாவுக்கும் தெரியும். என்ர மனுசிக்கும் தெரியும்.”

“உங்க வைஃபுக்குமா?”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்து முடியும் முன்னமே கண் நிறைந்துவிட்டது. நான் பக்கத்துச் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கும் மனம் இளகியது என்பதை மறைக்கவில்லை. நான்கு நாள்தானே, திங்கட்கிழமை என்பது எவ்வளவு தூரம் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஒரு முடிவோடு திரும்பிப் போக வருகிறார்கள்.

“வெறுங்கிண்ணம் பன்னிரண்டு எடுப்பம்” என்றேன். “கலம் இல்லாத கிண்ணம். சாயத்திலை வைச்சு, ஆறை நான் எண்ணுற மாதிரிக் கழுவுறன். ஆறை உங்கட போனைப் பாத்துக் கழுவுறன். ரெண்டு மணித்தியாலம். ஒண்டும் ஒளிராட்டி நான் பொய்யன், நீங்கள் நாளைக்குச் சந்தோசமாப் பேசுங்கோ. ஒளிர்ந்தால் நான் பேராசிரியரிட்டைப் போவன். நீங்கள் வாறதும் வராததும் உங்கட விருப்பம்.”

அவள் படியேறினாள். மூன்றாம் மாடியில் திரும்பி, கிண்ணம் எடுத்து வைக்கிறேன், நீங்க மெதுவா வாங்க என்றாள்.

ஏன் வெறுங்கிண்ணம் என்பது உங்களுக்குப் புரியும். கலம் இல்லை என்றால் உள்ளே எடுக்கவும் வாசல் இல்லை, சேர்த்துவைக்கவும் இடம் இல்லை. ஒளிர்வது அத்தனையும் கழுவாமல் விட்டது. ஆய்வின் தொடக்கத்தில் இதே வெறுங்கிண்ணங்களைக் கழுவி, அந்த அளவை எல்லா முடிவிலிருந்தும் கழித்திருந்தோம். அன்று அவற்றைக் கழுவியது கிறிஸ்டா. ஆகவே என் மிச்சம் ஒரு நாளும் கழிபடவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு இயந்திரம் எண்களைக் கொடுத்தது. கைபேசி பார்த்துக் கழுவிய ஆறிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. என் எண்ணிக்கையில் கழுவிய ஆறும் ஒளிர்ந்தன. மிஞ்சிய ஒளி, ஐந்து மாதமாக நாங்கள் கொண்டாடிய அந்த ஐந்தில் ஒன்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். பொன்செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை ராசி இல்ல அங்கிள். நாக்கு ராசி.”

அதோடு அவள் அழவில்லை. தாள் எடுத்து, என்னை இருபது தடவை எண்ணச் சொன்னாள். ஒவ்வொன்றையும் கைபேசியில் அளந்து எழுதினாள். கிறிஸ்டாவையும் கூப்பிட்டு இருபது தடவை. பேராசிரியரிடம் ஒரு மன்னிப்பை எடுத்துக்கொண்டு போக நான் இருந்தேன். அவள் ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம். அதை அன்று கற்றுக்கொண்டேன்.

பேராசிரியரைப் பற்றி நிறையச் சொல்லமாட்டேன். பெயரும் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அவர் அட்டவணையை இரண்டு முறை வாசித்தார். எத்தனை தட்டுகள் என்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டு என்றேன். சட்டென்று வந்த பதிலைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். பிறகு எங்களோடு கீழே இறங்கி வந்து, இரண்டு இடுக்கிகளை எடுத்து, இரண்டு வெறுங்கிண்ணங்களைப் பிடித்து, பொன்செல்வியை நேரம் பார்க்கச் சொல்லிவிட்டுத் தானே எண்ணினார். பதின்மூன்று விநாடி.

இந்தச் செய்முறைத் தாளை முப்பது வருடத்துக்கு முன் எழுதியது தானென்றும், பத்து விநாடி என்று எழுதிவிட்டு அதை எதால் அளப்பது என்று எழுதவில்லை என்றும், அதற்குப் பிறகு அந்தத் தொட்டியின் முன் நின்ற ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகத் தெரியவில்லை. தன்மேல் கோபமாகத்தான் இருந்தார்.

நாளைய கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று பொன்செல்வியிடம் கேட்டார். தள்ளிவைத்தால் அவர்கள் அனுப்பிய முடிவை நம்பிக்கொண்டே இருப்பார்கள் என்றாள். நானே பேசுகிறேன் என்றாள். அவர் அவளுடைய ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது அன்று முழுதும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது நான் கேட்க வாயெடுத்தேன். பொன்செல்வி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் என்னையும் கூட்டத்துக்கு வரச் சொன்னாள். உதவியாளர்கள் அங்கே போவதில்லை. நான் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன். முப்பத்தொரு நாற்காலி, பத்தொன்பது பேர். மருத்துவமனையிலிருந்து நான்கு பேர். அவர்களில் மூத்தவர் நரைத்த குட்டை முடியுள்ள ஒரு பெண் மருத்துவர். முன்னால் மேசையில் நீள உறைகளை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருந்தார்.

பொன்செல்வி வணக்கம் சொன்னாள். அடுத்த வாக்கியம், போன வாரம் நான் உங்களுக்கு அனுப்பிய முடிவு தவறு என்பது. சுற்றி வளைக்கவில்லை. இரண்டு அட்டவணைகளைக் காட்டினாள். வெறுங்கிண்ணங்களைக் காட்டினாள். இந்தச் சேர்மம் கலத்துக்குள் எதையும் நுழையவிடாமல் தடுக்கிறது என்பதற்கு இன்று எங்களிடம் ஆதாரம் இல்லை என்று சொல்லி நிறுத்தினாள். கழுவியது யார் என்று சொல்லவில்லை. ‘நாங்கள்’ என்றே சொன்னாள். நான் விரல்களில் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பது முறை.

ஓர் இளம் மருத்துவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, ஐந்து மாதம் இது உங்கள் கண்ணில் படவில்லையா என்று கொஞ்சம் ஏளனமாகக் கேட்டார். பொன்செல்வி படவில்லை என்றாள். நரைத்த முடி மருத்துவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இளம் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்த அம்மாள், இப்போது எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பொன்செல்வி கடைசி வரிசையைப் பார்த்து, கழுவியவரே கண்டுபிடித்தார் என்றாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் எழுந்து நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

மருத்துவர் உறைக் கட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். அந்த உறைகளில் என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. காப்பி மேசையில் அருகே போய்க் கேட்டேன். நோயாளிகளுக்கான கடிதங்கள் என்றார். இந்தச் சேர்மத்தை முதலில் தந்துவிட்டு, அவர்களுடைய சிறுநீரகம் தாங்காது என்று இதுவரை நிறுத்திவைத்திருந்த மருந்தைத் தரலாமா என்று சம்மதம் கேட்கும் கடிதங்கள். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் தயார், இன்று முடிவு உறுதியாகியிருந்தால் அடுத்த படி அதுதான் என்றார்.

எத்தனை கடிதம் என்று கேட்டேன்.

பதினொன்று என்றார்.

திங்கட்கிழமை எவ்வளவு தூரம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பொன்செல்வி என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராசிரியர் அவளுக்கு ஏழு மாத நீட்டிப்புக்கு அந்த வெள்ளிக்கிழமையே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். எனக்குத் தெரிய வந்தது திங்கட்கிழமை. முன்னமே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கியிருக்கும். சேர்மம் முன்வாசலை அடைக்கவில்லை என்றுதான் கடைசியில் முடிவு வந்தது. பொன்செல்வியின் பெரிய அத்தியாயம் சிறிய அத்தியாயமானது. மதிப்பெண்ணும் அவள் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை. பட்டம் கிடைத்தது. இப்போது பான் நகரத்தில் இருக்கிறாள், அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். தலைக்கவசம் போடுகிறாளா என்று தெரியவில்லை.

கடிகாரங்களில் ஒன்றைக் கிறிஸ்டா தன் சமையலறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தாள். மற்றதைப் பேராசிரியர் வாங்கி அனுப்பினார். ஒன்று நின்றுவிட்டால் மற்றது இருக்கும் என்றார்கள். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினால் எது சரி என்று எப்படித் தெரியும், மூன்றாவது வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை மதியம்தான். மருத்துவர்கள் போய்விட்டார்கள். முதலிலிருந்து அறுபது தட்டு, இரு வகையும் ஒரே ஆள், எது எந்த வகை என்று கழுவுகிறவருக்குத் தெரியக் கூடாது என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். யார் கழுவுவது என்று அவர் எழுதவில்லை. கிறிஸ்டா என்னைப் பார்த்தாள். பொன்செல்வியும் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது.

நான் கையுறையை மாட்டினேன். பொன்செல்வி மறைவாக நின்று தட்டுகளின் பெயர்களின்மேல் காகிதம் ஒட்டினாள். கிறிஸ்டா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொட்டியின் விளிம்பில் என் கண்ணுக்கு நேரே சாய்த்துவைத்தாள். மணி ஒன்று முப்பத்தைந்து. முதல் இரண்டு கிண்ணங்களைக் கரைசலில் இறக்கினேன். வாய் தானாகத் திறந்தது.

மூடிக்கொண்டேன். எண்ணவில்லை. முள்ளைப் பார்த்தேன்.